கிணற்றில் விட்ட நீலம்

காரைதீவைக் கடந்து நிந்தவூர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்குப்பை. சோதனைச் சாவடியில் அதைக் கவிழ்த்துப் பார்த்த சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, போ என்று கையை ஆட்டினான். பாசி நாற்றம் உடுத்தும் சாரத்தில் ஊறினால் தோய்த்தாலும் போகாது.

எங்கள் முஸ்லிம் ஊர்களில் மூத்தவரை அண்ணன் முறையில் காக்கா என்போம். மருதமுனையில் அப்படி ஒரு காக்காவிடம் வேலை பார்த்துவிட்டு வந்த வழி அது. அவர் சவூதியில் மீன் பண்ணையொன்றில் பாசித் தொட்டி கழுவியவர். அங்கே ஒரு எகிப்துக்காரர் பாசியிலிருந்து நீலம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் வீட்டுப் பின்வளவில் சீமெந்துத் தொட்டி கட்டினார். கிளற ஆள் வேண்டியிருந்தது. படிப்பைப் பாதியில் விட்டு ஊரூராய்த் திரிந்த நான் அகப்பட்டேன்; அந்த வளவிலேயே தங்கினேன்.

பாசி பச்சையாகத்தான் தெரியும். நீலம் உள்ளே இருக்கிறது. அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு புரதம், சூடு பட்டால் கெட்டுப்போகும். பாசியைத் துணியில் வடித்து, மீனுக்குப் போடும் ஐசில் உப்பைக் கலந்து அதற்குள் வைத்து உறையவிடுவோம். உருகியதும் திரும்ப உறையவிடுவோம். பாசி உடைந்து நீலம் தண்ணீரில் இறங்கும். தெளிந்ததை இறுத்து, வயலுக்குப் போடும் அமோனியாப் பசளையைச் சிறுகச் சிறுகக் கரைத்தால் நீலம் தயிர்போலத் திரண்டு அடியில் படியும். அதைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, சுரண்டிக் கழுவிய மாட்டுக் குடலில் ஊற்றி, இரு முனையையும் கட்டித் தண்ணீரில் போடவேண்டும். பசளை உப்பு குடலைத் தாண்டி வெளியே போகும். நீலம் உள்ளேயே நிற்கும். உப்புப் போகும்வரை வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பது என் வேலை.

அந்த மாரி வெள்ளம் தொட்டிகளைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது ஒரு குடல் நீலம். சர்பத்துக்கு நிறம் தேடும் கொழும்பு முதலாளி ஒருவர் அதைப் பார்க்க மறுநாள் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் காக்கா ஊரில் நிற்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் சவூதிதான். போனமுறை அவர் திரும்பி வந்தபோது மூத்த மகள் ஆரோ ஆள் என்று கட்டிலுக்குக் கீழே ஒளிந்தாளாம். இப்போது கைக்குழந்தையும் இருந்தது.

வாளித் தண்ணீர் வெயிலில் சுட்டது. "கெணத்துக்க உடுவம்" என்றார் காக்கா.

"ராத்தா கண்டா?" அவர் மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"கண்டா என்னையும் சேத்துக் கெணத்துக்க தள்ளுவாள். அதுக்குத்தான் ஆழத்துல உடுறது."

"குடிக்கிற தண்ணி, காக்கா."

"பிஸ்மி சொல்லி அறுத்த மாடுதான்டா. பேசாம கயித்தப் புடி."

குடலைத் தண்ணீருக்கு அடியில் விட்டு, கயிற்றைப் படிக்கல்லின் மறைவில் கட்டினோம். அவர் முதலாளிக்குப் போன் எடுக்கக் கல்முனைக்குப் போனார். நான் ஐஸ் தேடிக் கடற்கரைக்குப் போனேன்.

வெள்ளத்துக்குப் பிறகு ஊரெல்லாம் வயிற்றோட்டம். காக்காவின் குழந்தைக்கும் அன்று காலையில் தொடங்கியிருந்தது. பள்ளிவாசல் பொடியன்கள் வீடு வீடாகக் கிணறுகளுக்குக் குளோரின் தூள் போட்டுக்கொண்டு போனார்கள். ராத்தா அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் திரும்பியபோது காக்கா கிணற்றடியில் நின்றார். வளவெல்லாம் குளோரின் நெடி. குழந்தையைத் தோளில் போட்டபடி ராத்தா சொன்னார்: "நல்லாப் போடுங்க எண்டு நான்தான் சொன்ன. புள்ள வாடிப் போய்க் கிடக்கான். வேற என்ன செய்ய?"

காக்கா கயிற்றை இழுத்தார். குடல் விம்மிப்போய் வந்தது. அவிழ்த்துக் கோப்பையில் ஊற்றினார். குளோரின் குடலுக்குள்ளும் இறங்கி நீலத்தை வெளுத்திருந்தது; அரிசி கழுவிய தண்ணீர்போல இருந்தது.

"என்னது அது?"

"மாட்டுக் குடல்."

"குடிக்கிற கெணத்துக்கா? அல்லாஹ்வே, உங்களுக்குப் பைத்தியமா?"

"சொன்னா உட்டிருப்பியா?"

"சொல்லியிருந்தா மருந்து போட உட்டிருப்பனா?"

குழந்தை முனகியது. காக்கா மீண்டும் கல்முனைக்குப் போனார். முதலாளியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சவூதிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டோடும் கதைத்துவிட்டு வந்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. புருஷன் வெளிநாடு போனால் அந்த வளவுக்குள் அந்நிய ஆண் தங்க முடியாது. மறுநாள் காலையிலேயே ராத்தாவின் தம்பிமார் வளவு வாசல் கடப்படியில் வந்து நின்றார்கள்.

"நான் போறதுக்கு முன்னம் நீ போயிரு தம்பி. இல்லாட்டி ஊர் கதைக்கும்" என்றார் காக்கா.

"ஓம் காக்கா. புள்ளக்கி?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ராத்தா சோற்றுப் பார்சல் ஒன்றை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்றிரவு நிந்தவூர்ப் பள்ளிவாசல் விறாந்தையில் படுத்தேன். காலையில் அரிசி மில் ஒன்றின் வாசலில் போய் நின்றேன். நெல் ஊறவைக்கும் தொட்டிக்கு ஆள் தேவை என்றார்கள்.

"தொட்டி வேலை தெரியுமா?" என்று கேட்டார் மில்காரர்.

"தெரியும்."

"எங்க தங்குற?"

"இடமில்ல."

"மில்லுக்க படு. இஞ்ச குடும்பம் ஒண்டும் இல்ல."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஊறிய நெல் முழங்கால் வரை ஏறியது. ஓலைக் கடகத்தில் அள்ளி மேலே கொடுக்கத் தொடங்கினேன்.