வார்னிஷ் போடாத பிக்கப்

பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் போய் கிட்டாருக்குக் காயில் கட்டச் சொன்னேன். அதுதான் என் முட்டாள்தனம் என்று நீங்கள் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. அது என் கணக்கில் புத்திசாலித்தனம். இருபது வருடமாக அதே வேலையாக இருந்த மனிதருக்கு, காயில் எப்படிக் கட்ட வேண்டும் என்று நான் பாடம் எடுத்தேனே, அதைத்தான் முட்டாள்தனம் என்கிறேன். அப்போது என் தலையில் குட்டக்கூடிய தூரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். என் கெட்ட நேரம்.

எண்பதுகளின் நடுவில், மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். பகலில் உரக்கடை, சாயங்காலம் ஒத்திகை. குழுவை நடத்தியவர் அக்கார்டியன் வாசிப்பார், பாடுவார், பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மேடைக்கு வரும்போது விசிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவார். மற்றபடி எல்லாம் அதேதான்.

மாசி மாதத்தில் ஒருநாள் ஒத்திகையை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்:

"மாப்ள, இப்ப வர்ற பாட்டுல எல்லாம் கிட்டாரு உறுமுது. நீ வாசிச்சா கொசு பாடுற மாதிரி இருக்கு."

"நம்ம கிட்டாரு அம்புட்டுத்தாண்ணே."

"மெட்ராஸ்ல கீபோர்டுன்னு ஒண்ணு வந்திருக்கு. பட்டன அமுக்குனா கிட்டாரு சத்தம் வருது. அது லேட்டா வராது, காப்பி கேக்காது, எதுத்துப் பேசாது. பங்குனிப் பொங்கல் கச்சேரி வரைக்கும் பாக்குறேன். அன்னைக்கு உறுமுனா நீ. இல்லேன்னா கீபோர்டு."

குழுவில் என் நாற்காலிக்கு ஆயுள் ஒரு மாதம் என்று தெரிந்துபோயிற்று.

உறுமல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து அக்காள் வீட்டுக்காரர் கொண்டுவந்த வெளிநாட்டுக் கேசட் ஒன்றை நாடா தேயும் வரை கேட்டிருந்தேன். கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் பிக்கப். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே கம்பி அதிர்ந்தால் கீழே மின்சாரம் பிறக்கும். சுற்று கூடினால் மின்சாரம் கூடும். மின்சாரம் கூடினால் உறுமும். என் விஞ்ஞானம் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

உறுமலின் அடுத்த பாதிக்கு எங்கள் வீட்டுப் பழைய வால்வு ரேடியோ இருந்தது. அதன் முதுகில் கிராமபோனுக்கென்று ஓர் ஓட்டை உண்டு. அதில் கிட்டாரைச் செருகி, சத்தத்தைக் கடைசி வரை திருகினால் ரேடியோவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டின தொண்டைதான் எனக்கு வேண்டியது. ஆனால் என் கல்கத்தாக் கிட்டாரின் பிக்கப் அனுப்பிய சத்தம், பத்திரிகை வைக்க வந்தவர் வாசலில் நின்று செருமுவது மாதிரி அவ்வளவு பணிவாக இருந்தது. ரேடியோ அதை மதிக்கவே இல்லை.

அந்தக் கிட்டாரில் இரண்டு பிக்கப். கழுத்துப் பக்கம் இருந்தது வாங்கும்போதே செத்திருந்தது. செத்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த காயில் கடைக்குப் போனேன். சுற்று வட்டாரத்துக் கிணறுகளில் எரிந்த மோட்டார்கள் எல்லாம் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் வந்து அந்த வாசலில்தான் படுத்திருக்கும். கடைக்காரர் சௌராஷ்டிரர். வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள், இவர் மட்டும் நூலை விட்டுத் தாமிரத்துக்கு வந்தவர். பிக்கப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எந்தக் கெணத்துக்குத் தம்பி இந்த மோட்டாரு?"

விளக்கிச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். செத்த கம்பியை உரித்துப் போட்டுவிட்டு, ரேடியோ ட்ரான்ஸ்ஃபார்மருக்குச் சுற்றும் மெல்லிய கம்பி ஓர் உருளை தேடி எடுத்தார். பெருவிரல் மொத்தக் கம்பிக் கட்டை வளைத்துப் பழகிய கை அது. பத்துச் சுற்றில் அறுந்தது. மறுபடி சுற்றினார், இருபதில் அறுந்தது. நான் வாங்கிச் சுற்றினேன், சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே அறுந்தது. இப்படியே மூன்று சாயங்காலம் போனது. அறுந்த முனையைத் தேடுவதற்கே அரை மணி நேரம் ஆகும். கண்டுபிடித்ததும் கரண்டு போகும். பங்குனி பிறந்துவிட்டது, ஒத்திகையில் டிரில் மாஸ்டர் என் பக்கம் திரும்புவதே இல்லை.

நான்காவது நாள் கடைக்காரரின் மனைவி உள்ளே இருந்து தார் சுற்றுகிற ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு நூல் சுற்றுகிற ராட்டை. அவர்கள் பாஷையில் கணவரிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, ஆனால் அவர் சிரித்தபடி என்னைப் பார்த்ததில் பாதி புரிந்தது. பிக்கப்பை ராட்டையின் கதிரில் பொருத்தி, கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே பட்டு மாதிரி ஓடவிட்டார். அறுந்துபோகவில்லை. நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தார்.

"போதுமா தம்பி?"

"இன்னும் கொஞ்சங்க்கா."

"ஓரத்துல கம்பி பிதுங்குது."

"பிதுங்கட்டும்க்கா. எம்புட்டுப் பிதுங்குதோ அம்புட்டு உறுமும்."

முடிந்தபோது பிக்கப், நிறைமாசக்காரி மாதிரி இருந்தது. கடைக்காரர் வார்னிஷ் டப்பாவை எடுத்தார். இனிதான் என் பாடம் ஆரம்பம்.

"எதுக்குண்ணே வார்னிஷ்?"

"காயில் கட்டுனா வார்னிஷ்ல முக்கணும் தம்பி. ரெண்டு நாள் காயணும். இல்லேன்னா உள்ள கம்பி ஆடும். ஆடுற காயில் சும்மா இருக்காது, பேசும்."

"அது மோட்டாருக்குண்ணே. அது சுத்துது, ஆடுது. இது சும்மா ஒக்காந்திருக்கப் போவுது. வார்னிஷ் போட்டா சத்தம் அமுங்கிரும். எனக்குத் தெரியும்ண்ணே."

எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது, வார்னிஷ் காய இரண்டு நாள். நாட்கணக்குப்படி கூடக் குறுக்கே எதுவும் இல்லை. உடனே கேட்க வேண்டும் என்கிற அரிப்பு, அவ்வளவுதான். அவர் டப்பாவை மூடி வைத்தார். வாடிக்கையாளர் சொன்னால் சரி என்கிற மரியாதை.

வீட்டிலிருந்து கிட்டாரையும் ரேடியோவையும் தூக்கிவந்து, அங்கேயே மேசையில் வைத்துச் சோதனை நடத்தினேன். மூன்று பிக்கப். பழைய கல்கத்தா, ராட்டையில் பிறந்தது, பிறகு அக்காள் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெளிநாட்டுப் பிக்கப் ஒன்று. கடைசியில் சொன்னதில் இரண்டு காயில். ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் சுற்றி இணைத்திருப்பார்கள். வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒருவர் பேச்சை ஒருவர் அடித்துவிடுவது மாதிரி, டியூப் லைட்டிலிருந்து வருகிற இரைச்சலை இரண்டும் சேர்ந்து அடித்துக் கொன்றுவிடும்.

பிக்கப்புகளை ஒப்பிட்டுப் பார்த்த எவனும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. ஒன்றைக் கழற்ற கம்பிகளைத் தளர்த்த வேண்டும், பற்றவைத்ததை உருக்க வேண்டும், அடுத்ததைப் பற்றவைக்க வேண்டும், திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். அரை மணி நேரம். அதற்குள் முந்தைய சத்தம் காதிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போயிருக்கும். கல்கத்தாவில் சுத்தம் இருந்தது, பலம் இல்லை. வெளிநாட்டுச் சரக்கில் பலம் இருந்தது, உறுமியது, வாசிப்பதை நிறுத்தினால் கப்சிப். அந்தக் கப்சிப்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அடங்குகிற உறுமலை எப்படி நம்புவது? ராட்டைப் பிக்கப்பை மாட்டினேன். கம்பியைத் தொடுவதற்கு முன்பே ரேடியோ ஊளையிட்டது. தொட்டதும் மேசைமேல் இருந்த புளியங்கொட்டைகள் ஆடின. சந்தோஷத்தில் நான் சிரித்தேன். ரேடியோவும் சிரித்தது.

ராட்டையில் மறுபடி பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி, சுற்றுவதை நிறுத்தினார். "தம்பி, நீங்க சிரிச்சது அதுல கேக்குது."

"ஆமாங்க்கா. நான் வாயத் தொறந்தாலே கேக்குதுன்னா எம்புட்டுப் பவருன்னு பாருங்க."

கணவன் மனைவி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பொங்கல் கச்சேரி, அழகர்கோவில் சாலையில், விவசாயம் செய்யும் சம்சாரிகளின் ஊர் ஒன்றில். அறுவடை முடிந்த வயலில் மேடை போட்டு, வேப்ப மரம் நான்கிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கோவிலிலிருந்து மேடை வரைக்கும் சீரியல் பல்பு. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பித்தோம். என் நாற்காலிக்கு முன்னால் ரேடியோ, ரேடியோவுக்கு முன்னால் மைக். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "முதல்ல நியூஸ் போடுவீகளா?" என்று கேட்டார்.

முதல் பாட்டில் பிக்கப் உறுமியது. இரண்டு வரிக்கு. மாப்ள தேறிட்டான் என்கிற மாதிரி டிரில் மாஸ்டர் திரும்பிப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டினார். மாசியிலிருந்து நான் காத்திருந்த தலையாட்டு. மூன்றாவது வரியில் சீரியல் பல்பு மின்ன மின்ன, பிக்கப் அதற்குத் தாளம் போட ஆரம்பித்தது. வாசிப்பதை நிறுத்தினால் ஊளை. சத்தத்தைக் குறைத்தால் கொசு. கூட்டினால் மறுபடி ஊளை. மேளக்காரர் அடித்த ஒவ்வோர் அடியும் மேடைப் பலகை வழியாக ஏறி என் பிக்கப்பில் இரண்டாவது தடவை கேட்டது. அம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சுற்றிய கம்பி, என் கிட்டாரைத் தவிர ஊரில் உள்ள எல்லாச் சத்தத்தையும் எடுத்துக் கொடுத்தது.

இரண்டாவது பாட்டு அம்மன் பாட்டு. டிரில் மாஸ்டர் கண்ணை மூடித் தொகையறாவை இழுக்க ஆரம்பித்தார். அவருக்குச் சுருதி கொஞ்சம் தள்ளித்தான் எப்போதும் நிற்கும், இழுத்து இழுத்துத்தான் வந்து சேருவார். எனக்கு அப்போது வாசிக்க எதுவும் இல்லை. பிதுங்கின காயில் கம்பியில் இடிக்கிறதா என்று பார்க்கக் குனிந்து, பிக்கப்பைப் பெருவிரலால் அமுக்கினேன். ஒரு மாத எரிச்சல் முழுவதும் வாயில் வந்து நின்றது. எனக்கு நானே முனகிக்கொண்டேன்.

"இந்தாளு சுருதிக்கு வர்றதுக்குள்ள மாரியாத்தா மலையேறிருவா."

அதே நேரத்தில் அவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

நான்கு வேப்ப மரத்திலும் என் குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் எழுத்து எழுத்தாக. அந்தக் கரகரப்பைத்தான் நான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். நியூஸ் கேட்ட பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு ஊர் சிரித்தது.

"தம்பி, ரேடியோ நல்லாப் பேசுது. அத இன்னொருக்காப் பேசச் சொல்லுங்க," என்றார் பெரியவர்.

டிரில் மாஸ்டர் கண்ணைத் திறந்தார், நடந்து வந்தார், ரேடியோவின் முதுகிலிருந்து ஒயரைப் பிடுங்கினார், திரும்பிப் போய்த் தொகையறாவை முதலிலிருந்து ஆரம்பித்தார். கச்சேரி முடியும் வரை நான் சத்தமில்லாத கிட்டாரை வாசித்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காயில் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் பிக்கப்பை வாங்கி வார்னிஷில் முக்கினார். அவர் மனைவி, "என்ன சொன்னீங்கன்னு இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி," என்று கேட்டு வாங்கிச் சிரித்தார். பகலில் வெயில், வெயில் போனதும் நூறு வாட் பல்பு, இப்படி இரண்டு நாள் காய்ந்தது. பிறகு மாட்டினேன். சிரித்துப் பார்த்தேன், ரேடியோ சிரிக்கவில்லை. கம்பியைத் தட்டினேன். உறுமியது. ஊளை இல்லை. கேசட்டில் கேட்ட உறுமல், அச்சு அசலாக.

அப்படியே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். டிரில் மாஸ்டர் பையன்களை வரிசையில் நிற்கவைத்துக்கொண்டிருந்தார். காயில், வார்னிஷ், கம்பி ஆடுவது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அது இனிமேல் பேசாது என்று சத்தியம் செய்தேன். அவர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம கச்சேரிக்கு நான் எத்தன மணிக்கு வரணும்?"

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சீக்கிரம் வந்தா முன்வரிசையில எடம் கெடைக்கும்."