அந்த மாத்திரை

மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு வந்தவரின் முகம் தெரிவதற்கு முன் அவர் நீட்டும் சீட்டுதான் தெரியும். அந்தச் சீட்டை மூன்று முறை படித்தும் சந்தேகம் தீராதவர்கள், நான் சொல்லப்போவதைப் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அலுத்து, எண்பதுகளின் தொடக்கத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். முதலாளி மேல்சித்தாமூர்க்காரர், சமணர். இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று தினமும் மாலையில் வீட்டுக்குப் போய் வருவார். அந்த நேரம் கடையில் நான் தனியாள். தப்பு மாத்திரை எதையாவது கொடுத்துவிடுவேனோ என்ற பயத்திலேயே அந்த மாலைகள் போயின.

நான் சொல்லப்போவதில் முதல் சம்பவம் நான் சேர்வதற்கு முன் நடந்தது. முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கையில் இரும்பு

ஜைத்தூன் அக்காவும் அவர் மகள் நூர்ஜஹானும் அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி, கடை வாசல்வரை வந்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. நடந்து வந்தவள் அப்படியே விழுந்துவிட்டாள், கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. கூட்டம் கூடிவிட்டது. வலிப்பு என்றால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது ஊரறிந்த வைத்தியம். சைக்கிள் கடைக்காரர் சாவிக்கொத்தைத் திணித்தார். லாரி கிளீனர் ஸ்பேனரைக் கொண்டுவந்தார். வேர்க்கடலை விற்கும் அம்மா தராசிலிருந்த எடைக்கல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முதலாளி கூட்டத்தை விலக்கி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் தண்ணீர் ஊற்ற வந்தவரைத் தடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். சற்று நேரத்தில் இழுப்பு தானாகவே அடங்கியது. அடுத்த நிமிஷமே, யாருடைய இரும்பு வேலை செய்தது என்று வாதம் கிளம்பிவிட்டது. வேர்க்கடலை அம்மா மட்டும் அதில் சேரவில்லை. "எந்த இரும்பா வேணா இருக்கட்டும். என் வெயிட்டுக் கல்லக் குடுங்க, யாவாரம் நிக்குது."

இம்மாத்தூண்டு

முதலாளி அவர்களைப் பாண்டிச்சேரியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர்கள் போய் வாங்கிவந்த சீட்டு என் கையில்தான் வந்தது. நான் சேர்ந்த புதிது. பினோபார்பிட்டோன், இரவு ஒன்று. வலிப்பு மாத்திரை வாங்க வருபவர்கள் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, சீட்டை மடித்தபடியே நீட்டி, "அந்த மாத்திரை" என்பார்கள். ஜைத்தூன் அக்காவும் அப்படித்தான் சொன்னார்.

முதலாளி எடுத்துக் கொடுத்ததை அக்கா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கொத்தமல்லி விதை அளவுதான் இருந்தது. தர்காவில் ஓதி ஊதியாயிற்று, தாயத்துக் கட்டியாயிற்று, இத்தனைக்கும் கேட்காதது இதற்கா கேட்கும் என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. ஒரு நாளும் விடக் கூடாது, டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, சில வருஷம் ஆகலாம் என்று மனப்பாடம் செய்ததுபோல் நான் ஒப்பித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஜொரத்துக்கு மூணு நாளைக்குக் குடுக்குறீங்க. இதுக்கு வருஷக்கணக்கா? இது கேக்காதுன்னு நேரா சொல்லிட வேண்டியதுதானே தம்பி."

மூணு வேளை

மருந்து கேட்டது. முதல் மாதம் முழுக்க நூருவுக்கு ஒரு வலிப்புகூட வரவில்லை. அதற்கு முன்பெல்லாம் வாரம் தவறாமல் விழுந்துகொண்டிருந்த பிள்ளை. அடுத்த மாதத்துக்கு வாங்க வந்தபோது அக்கா, இதே மாத்திரை கொஞ்சம் பெரிசாக இருக்குமா, நறுக்க வரவில்லை என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரவில் ஒன்றாகக் கொடுக்க வேண்டியதைப் பாக்குவெட்டியில் மூன்றாக வெட்டி, காலை, மதியம், இரவு என்று கொடுத்திருக்கிறார். வெட்டும்போது உதிர்ந்த தூளை ஈர விரலால் ஒற்றி எடுத்து, பிள்ளையின் நாக்கில் தடவிவிடுவாராம். ஒரு துணுக்கும் வீணாகவில்லை.

முதலாளி பதறவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லிக் கேட்டு வாருங்கள் என்றார். டாக்டர் கோபிக்கவில்லையாம். கெடுதல் ஒன்றும் ஆகவில்லை, இனி முழுசாக இரவில் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். உடம்புக்குள் போன அந்தக் கடுகளவு மருந்து ஒரு பிள்ளையைக் கீழே விழாமல் எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்று நான் மலைத்துப் போயிருந்தேன். அக்காவின் கவலை வேறாக இருந்தது. "மூணு வேளை சோறு துன்ற புள்ளைக்கு ஒரு வேளை மருந்து எப்பிடிப் பத்தும்னு நெனச்சேன் தம்பி."

வராத மாசம்

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. பிறகு ஒரு மாதம் அக்கா வரவில்லை. வேறு கடையில் வாங்குகிறார்களா, நிறுத்திவிட்டார்களா என்று தெரியவில்லை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். போய்க் கேட்கலாம்தான். ஆனால் மருந்துக்கடைக்காரன் வீடு தேடிப் போய் ஏன் மருந்து வாங்கவில்லை என்று கேட்டால், வியாபாரத்துக்கு வந்ததாகத்தானே நினைப்பார்கள்? உங்களில் சிலரும் இந்தச் சங்கடத்தில் மாட்டியிருப்பீர்கள்.

நூரு அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பா கரீம் பாய் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர். எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். சொம்பைச் சூடுகாட்டிக்கொண்டே அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். பிள்ளை நன்றாக இருக்கிறாள், அது தூக்க மாத்திரை என்று டீக்கடையில் சொன்னார்கள், மூளை மந்தமாகிவிடும் என்றார்கள், அதனால் நிறுத்திவிட்டேன் என்றார். வீட்டில் இதற்காகச் சண்டையாம். நான் தயங்கித் தயங்கி, களிம்பு ஏறுவதற்கு முன்னால்தானே பாய் ஈயம் பூசுகிறீர்கள், இந்த மாத்திரையும் அப்படித்தான் என்றேன். அவர் பஞ்சால் ஈயத்தை ஒரே சுழற்றாகச் சுழற்றினார். சொம்பின் உட்புறம் வெள்ளியாக மின்னியது. "ஈயம் வருஷத்துக்கு ஒரு தடவ பூசுனாப் போதும் தம்பி. தெனமும் பூசச் சொல்றவன் வேல தெரியாதவன்."

பெஞ்சில் உட்கார்ந்தவள்

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது நூரு விழுந்தாள். நெற்றியில் தையல் போட்டார்கள். மறுபடியும் பாண்டிச்சேரி, மறுபடியும் அதே சீட்டு. திரும்பி வந்த நாளில் கடையில் நல்ல கூட்டம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நெற்றியில் கட்டோடு அவள் தனியாக வந்து, எக்கி நின்று சீட்டை நீட்டினாள். மடிக்காத சீட்டு.

"அண்ணே, எனக்கு வலிப்பு இருக்குது. அதுக்கு மாத்திரை வேணும்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். இந்த மாத்திரையை முதலாளி இல்லாமல் தர மாட்டேன், சின்னப் பிள்ளை கையிலும் தர முடியாது, பெரியவர்கள் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். கரீம் பாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கோட்டைப் பக்கம் திருப்பி நின்றிருந்தார். "அத்தாவுக்குக் கேக்க வெக்கமா இருக்குதாம். எனக்குத்தானே வருது, நானே கேக்குறேன்னு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து காலை ஆட்ட ஆரம்பித்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கடையில் ஒருவரும் சத்தமாகச் சொல்லாத வார்த்தை வலிப்பு. முதலாளி வந்தார், சீட்டைப் படித்தார். அதற்குள் கரீம் பாயும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து மகள் பக்கத்தில் நின்றார். இனி எப்போது நிறுத்துவதென்று அவரே கேட்டார். டாக்டர் சொல்லும்போது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து என்று முதலாளி சொன்னதும் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு, வழக்கமாக எல்லோரும் கலையும்வரை ஓரமாகக் காத்திருக்கும் அனந்தபுரத்து அம்மா ஒருவர் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எம் பையனுக்கும் அதேதாங்க. வலிப்பு மாத்திரை குடுங்க, கடைசி பஸ்ஸு போயிடும்."

நூரு உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு, டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று ஜைத்தூன் அக்கா வந்து சொன்னார். நான் நம்பவில்லை. சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, சில மாதங்களாகப் படிப்படியாகக் குறைத்து எழுதியிருந்ததைப் படித்தேன். அதுவும் போதாமல், ஒரு விடுமுறை நாளில் பாண்டிச்சேரிக்குப் போய், அந்த டாக்டரையே பார்த்துக் கேட்டேன். உண்மைதான், வலிப்பே இல்லாமல் சில வருஷம் மருந்து சாப்பிட்ட பிள்ளைகளில் பலருக்கு இப்படி நிறுத்த முடிகிறது என்றார். ஆக, நான் பஸ் ஏறிப் போய் உறுதிசெய்துகொண்ட வரையில், எங்கள் தொழிலில் நல்ல வாடிக்கையாளர் என்பவர் டாக்டர் சொல்லிக் கடைக்கு வராமல் போகிறவர்தான்.