அலமுவின் வலது கை

இரும்பு வட்டில் இருபது கிலோ என்று எழுதியிருந்தால், அது இருபது கிலோதான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அலமு நம்பவில்லை. தப்ரேஸின் ஜிம்மில் சேர்ந்த புதிதில், அவனை விடாப்பிடியாக நச்சரித்து ஒரு வட்டை ஏனாத்தூருக்கு எடுத்துவரச் செய்தாள். தான் சமைக்கும் மாணவியர் விடுதியின் அரிசித் தராசில் அதை ஏற்றினாள். முள் இருபதைத் தொடாமல் நின்றது.

"பாத்தியா தம்பி? நீயே ஏமாந்துக்கினுதான் இருக்கிற."

"இத்தினி வருசத்துல ஒருத்தன்கூட இத்த எடை போட்டுப் பாத்ததில்லக்கா."

"அதான் ஏமாத்தியிருக்கானுங்க."

அந்த விடுதிப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவன் தப்ரேஸ். லாரிக்கு ஆள் வராத ஒரு நாளில், ஐம்பதைத் தாண்டிய ஒரு சமையல்காரி அரிசி மூட்டைகளை ஒற்றையாக இறக்கி அடுக்குவதைப் பார்த்து வாயடைத்துப்போனான். அப்படித்தான் அலமு பளுதூக்க வந்தாள். மாவட்டப் போட்டியில் தரையிலிருந்த பளுவை இடுப்புவரை இழுத்து நிமிர்ந்தபோது, முன்பின் தெரியாத ஜனங்கள் கை தட்டினார்கள். தாலி ஏறிய அன்றுகூடத் தனக்காக யாரும் அப்படித் தட்டியதாக அவளுக்கு நினைவில்லை. அடுத்து சேலத்தில் மாநிலப் போட்டி. தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் அவளுக்கு அதே கனவுதான்.

அந்தக் கனவில் மண் விழுந்தது தை மாதத்துக்குப் பிறகு.

விடியற்காலையில் எழுந்தால் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இருக்கும், ஆனால் இருக்காது. தன் உடம்பில் யாரோ வேறொருவரின் கையை ஒட்டவைத்ததுபோல் தொங்கும். உதறினால் ஊசி ஊசியாய்க் குத்தும். குழம்புக் கரண்டி நழுவியது. பிறகு ஒரு நாள் ஜிம்மில், சாதாரணமாகத் தூக்கும் பளு பாதி உயரத்தில் வலது கையிலிருந்து உருவிக்கொண்டு விழுந்தது. அதிர்ந்த தரையைவிட அலமு அதிகமாக அதிர்ந்தாள். கை போனால் போட்டி மட்டுமா போகும்? அண்டா தூக்கும் வேலையும் போகும். அப்புறம் மகனிடமும் மருமகளிடமும் கையேந்தி நிற்கவேண்டும்.

மருமகள். அங்கேதான் அலமுவின் மனம் போய் நின்றது.

தையில்தான் பாலாஜிக்குக் கல்யாணம் ஆனது. பிரியதர்ஷினி தென்னேரிப் பெண். கம்ப்யூட்டரில் பட்டுப் புடவைக்குக் கரை டிசைன் போடுகிறவள். பேச்சு குறைவு. பாலாஜி ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போய்விட்டால், வீட்டில் இவர்கள் இருவர்தான். படுக்கப் போகும்முன் மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்ட பால் ஒரு டம்ளர் வரும். "குடிங்க அத்தை" என்று வைத்துவிட்டுப் போவாள். ஏன் கொடுக்கிறாள்? யார் கேட்டார்கள்? அலமு சில நாள் அந்தப் பாலைத் தொட்டியில் கொட்டிப் பார்த்தாள். கை மரத்துப்போவது நிற்கவில்லை.

அப்படியானால் பாலில் இல்லை. வேறு எதிலோ இருக்கிறது.

தூக்கத்தின் அடியாழத்தில் யாரோ தன் கையைப் பிடித்து இழுப்பதாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு காலையில் பாய்க்குப் பக்கத்தில் ஒரு துண்டு சுருட்டிக் கிடந்தது. அவளுடையது இல்லை. முகர்ந்துகூடப் பார்த்தாள். பிரியதர்ஷினியிடம் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

தப்ரேஸின் மனைவி நிக்கத் பிசியோதெரபிஸ்ட். அவள் அலமுவின் முழங்கைக்குப் பின்புறம் ஒரு இடத்தில் விரலால் தட்டினாள். சுண்டுவிரல் நுனிவரை ஷாக் அடித்தது.

"இந்த வழியா ஒரு நரம்பு போவுதுக்கா. கைய ரொம்ப நேரம் மடக்கியே வெச்சா அது இழுபட்டு நசுங்கும். நீங்க எப்படித் தூங்குறீங்க?"

"கண்ண மூடிக்கினு."

நிக்கத் சிரித்துவிட்டாள். "கைய எப்படி வெச்சிக்கினு தூங்குறீங்கன்னு கேட்டேன். உங்களுக்கே தெரியாது. வூட்ல யாரையாவது பாக்கச் சொல்லுங்க. கை நீட்டி இருக்கணும். துண்ட முழங்கையில சுத்திக் கட்டினா மடங்காது. போட்டிவரைக்கும் கைய மடக்கித் தூக்குற பயிற்சி வேணாம். அப்பவும் விரல்ல வலு குறைஞ்சிக்கினே போச்சுன்னா நரம்பு டாக்டர்கிட்ட டெஸ்ட் எடுத்தாவணும், தள்ளிப் போடாதீங்க."

இரும்பின் மேல் பழி வராமல் இருக்கத் தூக்கத்தின் மேல் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே அலமு வெளியே வந்தாள். துண்டு என்ற சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. ஜிம்காரன் மனைவிக்கும் தன் மருமகளுக்கும் என்ன பேச்சு?

வீட்டில் பார்க்கச் சொல்ல அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அன்று இரவு போனில் வீடியோவை ஓடவிட்டு, சுவாமி படத்தில் சாய்த்து வைத்தாள். ஜீரோ வாட் பல்பை அணைக்கவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

மறுநாள் விடுதியின் சாமான் அறையில், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தாள்.

முதலில் தெரிந்தது அவளேதான். வலப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கையை நெஞ்சோடு மடித்து, முஷ்டியைத் தலையணைக்கு அடியில் செருகி, தலையின் மொத்தப் பாரத்தையும் அதன்மேல் இறக்கிக் கிடந்தாள். முஷ்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பீரோ சாவி.

கணவன் கண்ணாயிரம் செத்து, அழுது களைத்து அவள் கண்ணயர்ந்த ஒரு பிற்பகலில், நாத்தனார் அவள் இடுப்பிலிருந்த சாவியை உருவி பீரோவைத் துடைத்துக்கொண்டு போனாள். பாலாஜிக்குக் காது குத்தியபோது போட்ட கம்மல்கூட மிஞ்சவில்லை. போனது தங்கம் மட்டுமா? அன்றிலிருந்து அலமு சாவியைக் கையில் பிடிக்காமல் தூங்கியதில்லை. முன்பெல்லாம் லேசாகத்தான் பிடித்திருப்பாள். மருமகள் வந்தபிறகுதான் தலைக்கு அடியில் இறுகியது.

வீடியோவில் நிழல் ஆடியது. பிரியதர்ஷினி உள்ளே வந்தாள். வந்துவிட்டாள், பார், வந்துவிட்டாள்.

பிரியதர்ஷினி குந்தி உட்கார்ந்தாள். மாமியாரின் தலையை ஒரு கையால் மெல்ல ஏந்தி, மடங்கிய கையை வெளியே எடுத்து நீட்டினாள். துண்டைச் சுருட்டி முழங்கை மடிப்பில் வைத்தாள். அப்போது விரல் தளர்ந்து சாவி கீழே விழுந்தது. அவள் அதை எடுத்தாள். மூட்டைமேல் இருந்த அலமு போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிரியதர்ஷினி சாவியைப் பார்த்தாள், தூங்குகிறவளைப் பார்த்தாள். பிறகு அதை அலமுவின் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் தூங்கும் அலமு துண்டைத் தள்ளினாள். சாவியோடு முஷ்டியைப் பழையபடி தலைக்கு அடியில் திணித்தாள். மறுபடியும் மருமகள் வந்தாள். மறுபடியும் நீட்டினாள். போனில் இடம் தீர்ந்து படம் நிற்கும்வரை இதுவேதான் நடந்தது.

அரிசி மூட்டையின்மேல் கண்ணீர் சொட்டிச் சணல் கறுத்தது. உலையில் நீர் கொதித்து வழிந்ததையும் அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மருமகள் முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"ராத்திரி என் ரூமுக்கு வர்றியா?"

பிரியதர்ஷினியின் முகம் வெளுத்தது. "சாவிய நான் எடுக்கல அத்தை. கீழ வுழுந்துது. கையிலயே வெச்சிட்டேன்."

"அத்த நான் கேக்கல. எதுக்கு வர்ற?"

"தூக்கத்துல கை வலிக்குதுன்னு முனகுறீங்க. எனக்கும் மவுஸ் புடிச்சி புடிச்சி அப்படித்தான் இருந்துது. மடக்கினு தூங்காதன்னு டாக்டர் சொன்னாரு."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அத்தை?"

அலமு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள். "இந்தா, நீயே வெச்சிக்கோ."

"வேணாம். நாளைக்கி ஒரு கம்மல் காணலன்னா என்னைத்தான் கேப்பீங்க."

சுருக்கென்றது. ஆனால் பொய் இல்லையே. அலமு சாவியை பீரோவிலேயே செருகி விட்டுவிட்டு வந்து படுத்தாள். பிரியதர்ஷினி அவள் முழங்கையில் துண்டைச் சுற்றிக் கட்டினாள். பிடிக்க எதுவும் இல்லாத கை, வெகுநேரம் பாயைத் துழாவிக்கொண்டிருந்தது.

விரல்கள் ஒரே நாளில் திரும்பவில்லை. வாரங்கள் ஆயின. முதலில் மோதிரவிரல் வந்தது, பிறகு மெதுவாகச் சுண்டுவிரல்.

சேலத்து மேடையில் ஏறுமுன் அலமு வட்டுகளைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தாள். தப்ரேஸ் பல்லைக் கடித்தான். "அக்கா, தராசு கேட்டுடாதீங்க, கால்ல வுழறேன்." அவள் கம்பியைப் பிடித்தாள். சுண்டுவிரலின் ஓரத்தில் இன்னும் சின்னதாக ஒரு குறுகுறுப்பு இருந்தது. இழுத்தாள். முழங்கால் தாண்டியது, இடுப்பு வந்தது, நிமிர்ந்தாள். நடுவரின் கை இறங்கும்வரை விரல்கள் விடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கண் தேடியது கூட்டத்தில் நின்ற மருமகளின் கைகளை மட்டும்தான்.

மூன்றாம் இடத்துப் பதக்கத்தோடு காஞ்சிபுரம் வந்து சேர்ந்ததும், அலமு உடம்பு வலியோடு பாயில் சரிந்தாள். பதக்கத்தைக் கழற்றி மருமகளிடம் நீட்டினாள்.

"பீரோவத் தொறந்து உள்ள வைம்மா."

பிரியதர்ஷினி ஒரு கணம் தயங்கிவிட்டுப் போனாள். பீரோக் கதவு கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்தே பழகியவள், கையை நீட்டிப் போட்டபடி அந்தப் பக்கம் திரும்பாமல் கிடந்தாள்.

கதவு மூடும் சத்தம் கேட்டது.

"பூட்டினியா?"

"பூட்டிட்டேன் அத்தை."

"இழுத்துப் பாத்தியா?"

பிரியதர்ஷினி சிரித்தாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "பாத்தேன். நீங்க தூங்குங்க."

அலமு தூங்கினாள்.