தமிழ் மறவன் இறங்கிய ஓடை

காலை ஆறே காலுக்குச் சங்கரன்கோவிலில் புளியங்குடி பஸ் ஏறினேன். நான் மருந்துக்கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் படம் எடுக்கப் போவேன். இந்த முறை தேடிப்போனது தமிழ் மறவன். ஆரஞ்சு நிறம், இறக்கை ஓரத்தில் கறுப்பு. அதன் புழு மலைக்காட்டு மரவெட்டி மரத்தின் இலையைத் தின்று வளரும். எங்கள் கரிசல் பக்கம் அது வராது.

ஏழு மணிக்குப் புளியங்குடி. அங்கிருந்து மேற்கே ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் செல்லத்துரை, என் கடைக்கு வந்து பழகியவர், கேட்டில் நின்றார். முகம் சரியில்லை.

"காவக்காரன் மாரிச்சாமிய நேத்து சாயங்காலத்துலேருந்து காணல அண்ணாச்சி. போனும் எடுக்க மாட்டுக்கான். ஊருக்குள்ள போய் விசாரிச்சுட்டு வாரேன். நீங்க ஓடைக்குப் போங்க, அங்கனதான் பூச்சி எறங்கும்."

எட்டரைக்கு ஓடையை அடைந்தேன். தண்ணீர் கசியும் சத்தம் மட்டும். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பாறைகளுக்கு நடுவே, நிழலில், ஆள் நீளத்துக்கு ஓர் ஆரஞ்சுத் திட்டு. நூற்றுக்கணக்கில் மறவன்கள். ஆண் பூச்சிகள் உப்பு உறிஞ்ச ஈர மண்ணில் இப்படிக் கூடும் என்று படித்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்தாற்போல் இறக்கையை விரித்தன, மூடின. அந்தத் திட்டே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

கிட்டே போனால் கலைந்துவிடும் என்று நின்ற இடத்திலேயே படமெடுத்தேன். எட்டு நிமிடம். பிறகுதான் கேமரா வழியாகக் கவனித்தேன்: பூச்சிகளுக்கு இடையில் ஒரு விரல் மடங்கியது.

ஓடினேன். பூச்சிகள் மொத்தமாக எழும்பி, துளிச் சத்தமில்லாமல் என் முகத்தில் உரசிப் போயின. கீழே மாரிச்சாமி. வேர்வை ஊறிய சட்டை, வெடித்த உதடு, திறந்த கண். இமையோரத்தில் ஒன்று மட்டும் போகாமல், சுருள் நாக்கை நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது. தள்ளிவிட்டேன். பறந்து, திரும்பவும் அங்கேயே வந்து உட்கார்ந்தது.

தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுக்க வந்தவர், பாறையில் வழுக்கிக் கால் முறிந்து கிடந்திருக்கிறார். பையிலிருந்த உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். மேட்டில் ஏறிச் செல்லத்துரைக்குப் போன் செய்தேன். நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு வந்தார்கள். பதினொன்றரைக்குப் புளியங்குடி ஆஸ்பத்திரி.

மாலை நாலரைக்கு, கிளம்பும்முன் அவரைப் போய்ப் பார்த்தேன். காலில் மாவுக்கட்டு. பேச்சு வந்திருந்தது.

"ஒவ்வொண்ணா வந்து உக்காந்துது அண்ணாச்சி. வெரட்ட கை எழும்பல. செத்துட்டேன்னே நெனச்சேன். அப்பதான் டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம்."

"நான்தான். படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். கண்ணு தொறந்துதான இருந்துச்சு. உங்களப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன். கூப்பிட சத்தம் வரல."

அவர் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. எனக்குத்தான் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஐந்து மணி பஸ்ஸில் கிழக்கே திரும்பினேன். மலை பின்னால் போனது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் கரிசல், மறைக்க ஒரு மரமில்லாத வெட்டவெளி. அன்று அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் தரையில் எங்காவது நிறமாகத் தெரிந்தால், அது அசைகிறதா என்று ஊர் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.