ஆறு பேய்களும் ஒரு காலிங் பெல்லும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் ஆறு பேய்கள் உட்கார்ந்து ரஸ்க் தின்று கொண்டிருந்தன.

ஒரு பேய்க்கு ரஸ்க்கைப் பாலில் தொட்டால்தான் இறங்குமாம். இன்னொன்று பாத்ரூம் எங்கே என்று கேட்டது. கறுப்பு டீ ஷர்ட்டில் சாக்பீஸால் விலா எலும்பு வரைந்திருந்த எலும்புக்கூடு ஒன்று, ஃபேனைக் குறைக்கச் சொன்னது. காற்றில் எலும்பெல்லாம் உதிர்கிறதாம். இருப்பதிலேயே குட்டிப் பேய்க்கு நாலு வயசு. அதற்கு ஸ்கூல் மாறுவேடப் போட்டிக்குத் தைத்த முயல் டிரஸ்தான் இருந்தது. அதனால் அது பேய் முயல். வெறும் முயல் என்று யாராவது சொல்லிவிட்டால் அழுகை வந்துவிடும்.

ஆமாம், ஹாலோவீன்!

தெரியும்... "தீபாவளிக்கு வைத்த எண்ணெயே தலையில் இன்னும் காயவில்லை, அதற்குள் இவள் வெள்ளைக்காரன் பேய்க்கு விழா எடுக்கிறாளே" என்று உங்களில் பாதிப் பேர் முணுமுணுப்பது மைசூர் வரை கேட்கிறது. நானும் உங்கள் கட்சிதான். மால்களில் ஆரஞ்சு பலூன் கட்டி, பிளாஸ்டிக் சிலந்தியைத் தொங்கவிட்டு, பிள்ளைகளின் மூஞ்சியில் பெயின்ட் அடிக்க டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்க வைப்பார்களே, அதைப் பார்த்து இதே பத்தியில் போன வருஷம் நான் திட்டாத திட்டா?

இந்த வருஷம் கட்சி மாறிவிட்டேன். காரணம், என் மகள் கயல்.

கணவருக்கு மாற்றலாகி ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்தோம். ஊரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில்கூட மரியாதையாகத்தான் அடிக்கிறது. ஆனால் கயலுக்குப் பத்து வயசு. கோவையில் அவளைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வைக்க நான் ஐஸ்கிரீம் லஞ்சம் கொடுத்திருக்கிறேன். மைசூர் வந்ததும் அந்த வாய் தானாகவே மூடிக்கொண்டது.

அபார்ட்மென்டுக்குக் கீழே சின்னதாக ஒரு பார்க். சாயங்காலமானால் பிள்ளைகள் கூட்டம். யாரும் இவளை அடிக்கவில்லை, கிண்டல் பண்ணவில்லை. நல்ல பிள்ளைகள்தான். டீம் பிரிக்கும்போது இவளை மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். அங்கே கன்னடம் கடகடவென்று ஓடும். இவள் மனசுக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "போர்மா" என்று மேலே வந்துவிடுவாள்.

நான் துணி காயப் போடுகிற சாக்கில் பால்கனியில் நின்று பார்ப்பேன். காய்ந்த துணியையே எடுத்துத் திரும்பவும் காயப் போட்டிருக்கிறேன். பெற்ற வயிறு... எரியாதா?

அப்புறம் அக்டோபர் நடுவில் ஒரு நாள் பார்க்கில் ஹாலோவீன் பேச்சு வந்திருக்கிறது. கயல் அரைக் கன்னடம், அரை இங்கிலீஷில், "எங்க கோயம்புத்தூர் அபார்ட்மென்ட்ல நாங்க பேய் டிரஸ் போட்டு வீடு வீடாப் போவோம், எல்லாரும் சாக்லேட் தருவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். (அங்கே நான் முறைத்துக்கொண்டேதான் அனுப்புவேன்.) சின்மயி நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். சின்மயி என்றால் பதினொரு வயசு, அந்தக் கூட்டத்துக்கே தலைவி, அவள் கை தட்டினால்தான் அங்கே ஆட்டமே ஆரம்பிக்கும். அந்தச் சின்மயி, "எங்களுக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்டுவிட்டாள்!

அடுத்த நாளிலிருந்து என் வீடு பேய்களின் தலைமைச் செயலகம். ஐஸ்கிரீம் டப்பாவுக்கு ஆரஞ்சு பெயின்ட். என் கண்மை மொத்தமும் காலி. கணவரின் வேட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. "அது என் நல்ல வேட்டிடி!" என்று அவர் அலறியதை யாரும் காதில் வாங்கவில்லை. நடுவில் நின்று, "நீ இப்படி நில்லு, நீ அப்படிக் கத்து" என்று கயல் உத்தரவு போட்டுக் கொண்டிருந்தாள். சமையலறையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

பயமும் இருந்தது. இது மட்டும் ஊத்திக்கொண்டால் இவள் மறுபடியும் ஊஞ்சல் கம்பத்துக்கே போய்விடுவாளே! அந்தப் பயத்துக்கு முன்னால் பேயெல்லாம் எந்த மூலைக்கு?

அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் முன்கூட்டியே பணிவாக ஒரு மெசேஜ் போட்டிருந்தேன். குழந்தைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார்கள், ஏதாவது மிட்டாய் வைத்திருங்கள் என்று. இரண்டு பேர் கட்டை விரல் காட்டினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் மௌனம்.

பேய்கள் ரஸ்க்கை முடித்துக் கிளம்புகிற நேரம் பார்த்து, டிங் என்று ஒரு சத்தம். அசோசியேஷன் செக்ரட்டரி சம்பத் சாரின் மெசேஜ்.

சம்பத் சார் எங்களுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடி. மேல்கோட்டைப் பக்கத்துப் பூர்வீகம், தலைமுறை தலைமுறையாக மைசூர் வாசம், வீட்டில் தமிழ். மாடிப்படியில் யாராவது குடையை விரித்துக் காய வைத்தால்கூட சுற்றறிக்கை விடுகிற மனிதர். மெசேஜ் இதுதான்: "நாளைக்குக் கன்னட ராஜ்யோத்சவம். கேட்டில் கொடி கட்டிக் கொண்டிருக்கிறோம். இன்றைக்குப் போய் பேய் வேஷமா? இது நம் கலாசாரம் அல்ல. யாரும் ஊக்குவிக்க வேண்டாம்."

ராஜ்யோத்சவம் என்றால் கர்நாடகம் பிறந்த நாள், நவம்பர் ஒன்று. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "போயிட்டு வாங்க செல்லங்களா" என்று அனுப்பிவிட்டு, வாசலில் நின்று காதைத் தீட்டிக் கொண்டேன்.

எங்கள் மாடியிலேயே முதல் கதவு திறக்கவில்லை. உள்ளே டி.வி. சத்தம் மட்டும் சட்டென்று குறைந்தது. இரண்டாவது கதவில், "செக்ரட்டரி வேண்டாம்னு போட்டிருக்காரேம்மா" என்று பாவமாகச் சொல்லிவிட்டு மூடினார்கள். கீழ் மாடியில் ஓர் அம்மா இவர்களை ராஜ்யோத்சவ வசூல் என்று நினைத்து, "போன வாரம்தானே கொடுத்தோம்?" என்று கேட்டாராம். அதற்கு மேல் இவர்கள் எந்த பெல்லையும் அடிக்கவில்லை.

திரும்பி வந்தார்கள். ஆறு டப்பாவும் காலி. முயல் விசும்பிக் கொண்டிருந்தது. சின்மயி முகமூடியைக் கழற்றி, "இது வர்க் ஆகல்லா, கயல்" என்றாள். அப்புறம் மற்றவர்களைப் பார்த்து, "பார்க்கிகே ஹோகோணா?" என்று கேட்டாள். பார்க்குக்குப் போகலாமா என்று அர்த்தம். அந்த அழைப்பில் கயல் இல்லை என்பது எனக்கே புரிந்தது. அவளுக்குப் புரியாதா?

நான் செருப்பை மாட்டிவிட்டேன். நேரே மூன்றாவது மாடிக்குப் போய் சம்பத் சாரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறு வேலை. கலாசாரமாம், கலாசாரம்! நாலு வயசு முயலை அழவிடுவது எந்த ஊர்க் கலாசாரம்?

"நீ வராதம்மா" என்றது வேட்டிக்குள்ளிருந்து ஒரு குரல். "நீ வந்தா சண்டையாயிடும்."

என் பெண்ணுக்கு என்னைத் தெரியாதா என்ன! நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கயல் சின்மயியின் கையைப் பிடித்தாள். "ஒந்தே மனெ" என்றாள். ஒரே ஒரு வீடு. பிறகு எல்லோரையும் இழுத்துக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தாள்.

மேலேயா? செக்ரட்டரி வீட்டுக்கேவா? சத்தம் போடாமல் பின்னாலேயே போய் மாடிப்படித் திருப்பத்தில் ஒளிந்து கொண்டேன்.

பெல் அடித்தாள். கதவைத் திறந்தது சம்பத் சாரின் மனைவி வேதவல்லி மாமி. எதிரே ஆறு பேய்கள். மாமி ஒவ்வொரு பேயாக ஏற இறங்கப் பார்த்தார். கதவு திறந்ததும் மிட்டாய் கேட்டுப் பேய்கள் சொல்ல வேண்டிய "ட்ரிக் ஆர் ட்ரீட்" எங்கே போனதோ தெரியவில்லை. சரி, தொலைந்தது என்று நான் கண்ணை மூடிக் கொண்டேன்.

அப்போது வேட்டி பேசியது.

"மாமி... பொம்பெ கூர்சிதீரா?"

உங்களுக்கு விளங்காது, சொல்கிறேன். மைசூரில் நவராத்திரி வந்துவிட்டால் பிள்ளைகள் கூட்டமாக வீடு வீடாகப் போவார்கள். தெரிந்த வீடு, தெரியாத வீடு என்ற கணக்கெல்லாம் கிடையாது. பெல்லை அடித்து, "பொம்பெ கூர்சிதீரா?" என்று கேட்பார்கள். கொலு வைத்திருக்கிறீர்களா என்று அர்த்தம். கேட்டுவிட்டால் உள்ளே கூப்பிட்டு, கொலுவைக் காட்டி, தின்பதற்குக் கை நிறையக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டிலும் கொலு உண்டு. தினமும் சாயங்காலம் இதே பிள்ளைகள் வந்து கேட்டார்கள், சுண்டலை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். கயல் தினமும் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டாள். நீயும் வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

கதவுக்கு உள்ளே நின்று பாடம் பண்ணியதை, இப்போது வெளியே நின்று கேட்கிறாள்!

மாமி சிரித்தார் பாருங்கள்... நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"பொம்பெயெல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சேடி கண்ணா!"

உள்ளேயிருந்து சம்பத் சார். "யாரது? நான்தான் மெசேஜ் போட்டேனே!"

"நீங்க சும்மா இருங்கோ. குழந்தைகள் பொம்பெ கேட்டுண்டு வந்திருக்கா."

"பொம்பெயா? தசரா முடிஞ்சு எத்தனை நாளாச்சு!"

"ஆனா என்ன? கேட்டுட்டா. வெறுங்கையோட அனுப்பற வழக்கம் எங்காத்துல கிடையாது. பொம்பெ இல்லேன்னா யாரு சொன்னா? இதோ, ஆறு பொம்பெ வாசல்லயே நிக்கறதே!"

அவ்வளவுதான். பேய்களை உயர வரிசையில் மாடிப்படியில் நிற்க வைத்தார். மேல் படியில் எலும்புக்கூடு, நடுவில் வேட்டிப் பேய், கீழ்ப்படியில் முயல். சாட்சாத் கொலு! உள்ளே போய் டின்னோடு கோடுபளெயைக் கொண்டு வந்தார். நம் முறுக்கின் மைசூர்த் தம்பி, வளையம் வளையமாக இருக்கும். பேய்கள் அதை விரலில் மோதிரமாக மாட்டிக்கொண்டு கடித்தன. மாமி கணவரின் போனைப் பிடுங்கி ஒரு போட்டோ எடுத்தார். எடுத்த கையோடு அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டும் விட்டார். சம்பத் சாரின் நம்பரிலிருந்து!

போட்டு முடித்து நிமிர்ந்தவர், என்னைப் பார்த்துவிட்டார். நைட்டிக்கு மேலே துப்பட்டா, தலை கலைந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு நான்.

"நீ ஏம்மா அங்கே ஒளிஞ்சுண்டிருக்கே? வா, வா. உன் வேஷமும் பிரமாதமா இருக்கு."

நான் எங்கே வேஷம் போட்டேன்! ஒரு கோடுபளெயை வாங்கிக் கொண்டேன்.

இதற்குள் சம்பத் சாரின் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. "சூப்பர் சார்!" "எங்கள் மாடிக்கும் அனுப்புங்கள் சார்!" "செக்ரட்டரி என்றால் இப்படி இருக்கணும்!" அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைக் கனைத்துக் கொண்டார்.

"சரி... நடத்தறதுன்னு ஆயிட்டா, கட்டுப்பாடா நடத்தணும். வரிசையா வாங்கோ. யாரும் ஓடப்படாது."

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்! பின்னால் ஆறு பேய்கள். ஒவ்வொரு கதவிலும் கயல்தான் பெல் அடித்தாள். ஒவ்வொரு கதவிலும் அதே கேள்வி, இப்போது ஆறு குரலில். திறக்காத கதவுகள் எல்லாம் திறந்தன. வசூல் என்று விரட்டிய அம்மா, இருந்த மைசூர்பாக்கை எல்லாம் கொடுத்துவிட்டாராம். முயலுக்கு மட்டும் இரண்டு பங்கு. டப்பாக்கள் நிரம்பி, என் துப்பட்டாவையும் பறித்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். மூட்டையோடு எல்லோரும் பார்க்குக்கு ஓடினார்கள். அங்கிருந்து கயல் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்துகிற சத்தம் மேலே வீட்டில் எனக்குக் கேட்டது. அன்றைக்கு பால்கனியில் காயப் போடத் துணியே தேடவில்லை நான். சும்மாவே நின்று பார்த்தேன், ராணி மாதிரி.

எந்த ஊர்ப் பண்டிகை, யார் கலாசாரம் என்று நாம் குரூப்பில் அடித்துக் கொள்கிறோம். பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம், அடித்தால் திறக்கிற ஒரு கதவு. அது எந்தக் கேள்விக்குத் திறக்கும் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாம் நடுவில் செருப்பை மாட்டாமல் இருந்தால் போதும்.

மறுநாள் காலை. ராஜ்யோத்சவ லீவு. கயல் தோசை சாப்பிட உட்கார்ந்திருந்தாள். பெல் அடித்தது. இந்த ஐந்து மாதத்தில் எங்கள் பெல்லை அடித்தவர்கள் யார் யார்? கூரியர்காரர், கேஸ்காரர், நவராத்திரிக்குச் சுண்டல் கேட்டவர்கள். திறந்தேன். சின்மயியும் மற்ற நாலு பேரும். கையில் மஞ்சள் சிவப்புக் கொடி.

"ஆன்ட்டி, கயல் இத்தாளா?"

கயல் இருக்கிறாளா என்று கேட்கிறார்கள். என் மகளைக் கேட்டு, என் வீட்டு வாசலில்!

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "பந்தே!" என்று உள்ளேயிருந்து கன்னடத்தில் ஒரு கத்தல். வந்துட்டேன் என்று அர்த்தம். கையைக்கூடக் கழுவாமல் என்னைத் தாண்டி ஓடியே போய்விட்டாள்.

தட்டில் பாதி தோசை ஆறிப் போய்க் கிடந்தது. உட்கார்ந்து நான் தின்றேன். மைசூருக்கு வந்து எத்தனையோ ஓட்டலில் தோசை தின்றாயிற்று... சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு ருசியை நான் எங்கேயும் கண்டதில்லை.