நாலு மணிச் சீட்டு

அந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தராக இருந்தவளுக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் அலாரம் அக்கா. வைத்தது என்னவோ கேலிக்குத்தான். அவள் அதைப் பட்டம் மாதிரி சூடிக்கொண்டாள். எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போலத்தான் நடப்பாள். டீயை நின்றுகொண்டே குடிப்பாள், அதுவும் பாதிதான். "தூங்கும்போதாவது காலை ஆட்டாம படேன், கட்டில் நடுங்குது" என்பார் அவள் கணவர். அவருக்கென்ன, மின்விசிறி பழுது பார்க்கிறவர். எந்த மின்விசிறியும் அவரிடம் வந்து, நேரமாகிறது என்று கத்தியதில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை வரும் பெற்றோர் சந்திப்புதான் அவள் உயிரை வாங்கும். பதினான்கு ஆசிரியர்கள், நானூறு குடும்பங்கள், மூன்று நாள், தினமும் மூன்றிலிருந்து ஐந்துக்குள், தலைக்குப் பத்து நிமிடம். அறிவியல் டீச்சர் நாலே முக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும், கைக்குழந்தை காத்திருக்கும். பிரிந்து வாழும் ஒரு தம்பதி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவே கூடாது. இவ்வளவையும் பெரிய அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு, அழித்து, மறுபடி போட்டு முடித்தால், யாராவது ஒருவர் அரை மணி தாமதமாக வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போவார்.

அதற்குத்தான் நீல நோட்டு. எந்தக் குடும்பம் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தது என்று பத்தொன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறித்து வந்தாள். தாமதக்காரர்களுக்கு அனுப்பும் சீட்டில் முன்கூட்டிய நேரம் இருக்கும். அட்டையில்தான் உண்மையான நேரம். இது யாருக்கும் தெரியாது. 'உங்க கூட்டம் மட்டும் எப்படி டாண்ணு முடியுது?' என்று தலைமையாசிரியை கேட்டால், சிரித்து மழுப்பிவிடுவாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திமிரும் உண்டு.

நோட்டிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த பக்கம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் பக்கம். முதல் தடவை நாலு மணிக்கு வரச் சொன்னபோது நாலு இருபத்தைந்துக்கு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சீட்டில் நாலு, அட்டையில் நாலரை. நாலு வருடமாக நாலு இருபத்தைந்துக்கே வந்து மூச்சு வாங்க நிற்பாள். அலாரம் அக்கா மனதுக்குள் அவளுக்கு வைத்த பெயரே இருபத்தஞ்சு.

இந்த முறை இருபத்தஞ்சு மூன்று ஐம்பத்தைந்துக்கே வந்து நின்றாள்.

அலாரம் அக்கா அட்டையைப் பார்த்தாள். இவள் கட்டம் நாலரைக்குத்தான். அந்த அம்மாவின் மகள் எட்டாம் வகுப்பு, கணக்கில் தோல்வி. அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைக்கலாமா, மேலே அனுப்பலாமா என்று கணக்கு டீச்சர் இன்று சாயங்காலம் முடிவு செய்யப்போகிறார். பெற்றவள் வந்து பேசினால் உண்டு, இல்லையென்றால் மதிப்பெண்தான் பேசும்.

"கரெக்டா வந்துட்டேன் மேடம்" என்றாள் அந்த அம்மா. முகமெல்லாம் பெருமை. "நாலு இருபதுக்கு பஸ் பிடிக்கணும். விட்டா போச்சு."

"உக்காருங்கம்மா. டீச்சர் உள்ள பேசிட்டிருக்காங்க. இதோ முடிஞ்சிரும்."

உட்கார்ந்தவள் சீட்டை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். நாலு மணிக்கு ஒரு தம்பதி உள்ளே போனார்கள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி சீட்டை நீவினாள். அலாரம் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், இல்லாத கோப்பைத் தேடினாள். நாலு ஐந்துக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். நோட்டில் அவர் பக்கத்தில் எல்லாமே பூஜ்யம்.

"உங்களுக்கு எத்தனை மணி சார்?" என்று அந்த அம்மா அவரைக் கேட்டாள்.

"நாலு பத்து."

"எனக்கு நாலு. நான் இன்னும் போகலையே?"

இருவரும் ஒரே சமயத்தில் ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் காத்திருந்த வேறு இரண்டு பேரும் தங்கள் சீட்டுகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அலாரம் அக்கா எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். டீச்சர் தாமதம் என்று பழியைத் தூக்கி உள்ளே போட்டுவிடலாம். ஒரு கணம் வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் கதவு திறந்து தம்பதி வெளியே வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். நாலு பத்து.

அவள் ஓடிப்போய் கதவை மறித்து நின்றாள்.

"சார், இவங்களை முதல்ல விட்ருங்க. தப்பு என்னோடது. இவங்க நேரம் நாலரை. லேட்டா வருவாங்கன்னு நானா முடிவு பண்ணி, நாலுன்னு எழுதி அனுப்பிட்டேன்."

வராந்தா முழுக்கக் கேட்டது. மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொண்டார். "பத்து நிமிஷம்தானே. போங்கம்மா."

பத்து நிமிடமும் அலாரம் அக்கா வராந்தாவை அளந்துகொண்டிருந்தாள். காத்திருந்தவர்கள் அவளையும் தங்கள் சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

வெளியே வந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "லீவுல இன்னொரு பரீட்சை வைக்கிறாங்களாம். பாஸ் பண்ணா மேல அனுப்பிருவாங்களாம்."

"சந்தோஷம்மா. என்னை மன்னிச்சிருங்க. நாலு வருஷமா இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டா வந்தீங்களா, அதனாலதான்…"

"என் ஷிப்ட் நாலு மணிக்குத்தானே மேடம் முடியுது? பஸ்ல இருபத்தஞ்சு நிமிஷம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "நாலரைன்னு சொல்லியிருந்தா எப்பவுமே சரியா வந்திருப்பேனே. இன்னைக்கு லேட்டாகக் கூடாதுன்னு அரை மணி முன்னாடி விடச் சொல்லிக் கெஞ்சினேன். அதுக்கு பதிலா இந்த வாரம் பூரா சாயங்கால ஷிப்டும் நிக்கணும். இப்ப அங்கதான் ஓடறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் தேவலாம் போலிருந்தது. அந்த அம்மா படியிறங்கி ஓடினாள், பஸ் கிடைத்ததா என்று தெரியவில்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் போனபிறகு அலாரம் அக்கா நீல நோட்டைத் திறந்தாள். தாமதக்காரர்கள் பதினேழு பேர். அதில் ஒன்பது பேருக்கு வருடா வருடம் ஏறக்குறைய ஒரே எண். பன்னிரண்டு, பன்னிரண்டு, பதிமூன்று. நாற்பது, நாற்பது, நாற்பது. பிறவிக் குணம் என்றல்லவா நினைத்திருந்தாள். அத்தனை கட்டம் போட்டவள், ஏன் என்று எழுத ஒரு கட்டம் போடவில்லை.

நாளை வரவேண்டிய ஒருவர், நாற்பது நிமிடக்காரர், லாரி ஓட்டுகிறவர். போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள். ஒரு கால் மேஜைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஸ்கூல்லேருந்து பேசறேங்க. நாளைக்கு உங்களுக்கு எத்தனை மணிக்கு வந்தா தோதுப்படும்?"

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் இரைந்தது. அதை மீறிப் பயந்துபோன குரல் ஒன்று கேட்டது:

"ஏங்க, பையன் ஏதாவது பண்ணிட்டானா?"