இரண்டு பொட்டலங்கள்

எழுபதுகளின் கடைசியில் ராயகிரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை என்னைப் பெண் பார்க்க வந்தார். காப்பி குடித்துவிட்டு எச்சில் தம்ளரை அம்மாவிடம் அவர் நீட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இதற்காகவா ஒரு வரனைத் தட்டிவிடுவது என்றும் தோன்றியது. நான் குழம்பித் தவித்ததைப் பார்த்த அண்ணன், "ஏட்டி, அம்மன்ட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா முடிப்போம், சிவப்பு வந்தா விட்டுருவோம்" என்றான்.

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி. அவன் கட்டிவந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்தேன். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை. அண்ணன் கண் கலங்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "பாத்தியா, ஆத்தாளே சொல்லிட்டா!"

பிரகாரம் சுற்றும்போது, சும்மா, மற்றதையும் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

"நீ எப்படியும் இழுத்தடிப்பேன்னு எனக்குத் தெரியும்லா, அதான் முந்திக்கிட்டேன்" என்று சிரித்தான்.

"எனக்கு இந்த இடம் வேண்டாம்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எந்தப் பூவும் தேவைப்படவில்லை.

என்னை ஏமாற்றியதைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டிய அதே கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண் கலங்கினானே, அதை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.